என்ன படிக்கிறே?

எங்கள் காலத்துப் புதுக்கோட்டையில் 'என்ன படிக்கிறே?' என்று யாராவது கேட்டால் வகுப்பைத்தான் சொல்ல வேண்டும். 'எட்டாப்பு' என்றோ 'பியூசி' என்றோ சொன்னால் கேட்டவர் திருப்தியாகப் போய்விடுவார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தூரத்து மாமா ஒருவர் அப்படிக் கேட்டபோது, வாய் தவறி, "சாண்டில்யன் மாமா, கடல்புறா, ரெண்டாம் பாகம்" என்று சொல்லிவிட்டேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. எதிர்ப்பந்தியில் இருந்த என் அப்பாவைப் பார்த்தார். பெரிய காரியம் நடந்த வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை அது.

பாடப் புத்தகத்தைப் படிப்பதற்கும் அதற்குள் ஒளித்துவைத்துக் கதைப்புத்தகம் படிப்பதற்கும் அன்று எங்களுக்கு ஒரே சொல்தான் இருந்தது. முன்னதற்கு மார்க் கிடைக்கும். பின்னதற்கு முதுகில் கிடைக்கும். இப்போது 'வாசிப்பு' என்று தனியாக ஒரு சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. நான் பையனாக இருந்தபோது வாசிப்பது என்றால் திருக்கோகர்ணம் கோயில் நாதஸ்வரக்காரர் செய்வது. இன்று எல்லாரும் வாசிக்கிறோம். நானும் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'இப்போது வாசிப்பில்' என்று ஒரு படம் போடுகிறேன்.

அந்தப் படத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. புத்தகம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அதன் மேல் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் டவரா டம்ளரில் காபி. ஆவி பறக்கும்போதே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் படத்தில் உயிர் இருக்காது. போன மாதம் வெளிச்சம் சரியாக அமையவில்லை. இரண்டு முறை காபியைச் சூடுபண்ணிக் கொடுத்த மனைவி மூன்றாவது முறை கேட்டாள்: "நீங்க புஸ்தகத்தைப் படிக்கப் போறீங்களா, காபியைக் குடிக்கப் போறீங்களா?" இரண்டும் இல்லை என்ற உண்மையை அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட நான் வந்த வழியைச் சொல்ல வேண்டுமானால் அத்தையிடமிருந்து தொடங்க வேண்டும்.

அத்தையைப் பெருங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் சாலையில் இருக்கிற ஊர். 1922-இல் எழுத்தாளர் அகிலன் பிறந்த ஊர். அத்தை சீராகக் கொண்டுபோனவற்றில் பாதி வெண்கலப் பாத்திரம், மீதி ஒரு தகரப்பெட்டி நிறையத் தொடர்கதை. 1950 அக்டோபரில் கல்கியில் பொன்னியின் செல்வன் தொடங்கி 1954-இல் முடிந்தவரை, வாரந்தவறாமல் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஐந்து பாகங்களாக பைண்டு செய்து வைத்திருந்தது. முதுகுக்குக் காலிகோ துணி. பூச்சி அரிக்காமல் இருக்க பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டியிருப்பார்கள், முகர்ந்து பார்த்தாலே நாக்கில் கசக்கும். மணியம் வரைந்த குந்தவை ஒரு பக்கம் நின்றால், தாளைத் திருப்பியதும் தலைவலித் தைலம் விளம்பரம் வரும். நான் வெகுநாள் இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டிக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. தேதி, ஆள், எந்தப் பாகம், வந்ததா என்று நான்கு கட்டம். இரவல் கேட்டு வருகிற யாருக்கும் அத்தை இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. திருப்பிக் கொடுக்க வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து கதையைச் சொல்ல வேண்டும். "வச்சிட்டுப் போகாத. சொல்லிட்டு வை." சொல்வது தடுமாறினால் அடுத்த பாகம் கிடைக்காது, அதே பாகம் மறுபடியும் கையில் வரும். கொடும்பாளூர் நம் பக்கத்து ஊர் என்பதால் வானதியை மட்டும் யாரும் குறைத்துப் பேசக்கூடாது. பேசினால் அந்த வீட்டுக்கே இரவல் நிறுத்தம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கடலை பிடுங்குகிற நாட்களில் திண்ணையில் செடிகள் குவிந்து கிடக்கும். நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து கடலை ஆய்வார்கள். நடுவில் தூணில் சாய்ந்துகொண்டு அத்தை உரக்கப் படிக்கும். சண்டை வந்தால் கை வேகமாக ஓடும், அழுகை வந்தால் நின்றுவிடும். மாமா உள்ளே இருந்து, "சண்டையாப் பாத்துப் படி, பொழுதுக்குள்ள முடிக்கணும்" என்று குரல் கொடுப்பார். அந்தப் பெண்களில் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது மூத்த அக்கா, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். ஐந்து பாகத்தையும் காதால் படித்தவர். வந்தியத்தேவன் எந்த இடத்தில் குதிரையை விட்டுவிட்டு ஓடினான் என்பதில் எங்களுக்குள் தகராறு வந்தால் தீர்ப்பு அவருடையது.

இந்த ஊரில் படிப்பு என்பது எப்போதும் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் இருந்திருக்கிறது. சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே இங்கே அச்சுக்கூடங்களும் பத்திரிகைகளும் மலிந்திருந்தன. 1944-இல் கண்ணதாசன் பத்திரிகை ஆசிரியராகத் தொடங்கியது புதுக்கோட்டைச் சீமையின் 'திருமகள்' இதழில். 1947-இல் இங்கிருந்து வந்த 'பொன்னி'தான் பாரதிதாசன் பரம்பரை என்று ஒரு கவிஞர் வரிசையையே உருவாக்கியது. குழந்தைகளுக்கான பத்திரிகைகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பி, ஈசல் மாதிரியே விழுந்தன. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் ராயவரமும் நம் மாவட்டம்தான். அப்பா காலத்தில் ஒரு பத்திரிகை பத்து வீடு சுற்றி வருமாம். அம்மன் காசு சமஸ்தான எல்லைக்குள் மட்டும் செல்லுபடியானதுபோல, 'இது நல்லா இருக்கு, படிச்சுப் பாரு' என்கிற சொல்லும் ஒரு தெருவின் எல்லைக்குள்தான் செல்லும். ஆனால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

என்னை அப்படிச் சுண்டிப் பார்த்தவர் கீழராஜ வீதிப் பக்கம் கடை வைத்திருந்த தையல்காரர் அண்ணன்.

1975-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அகிலனின் சித்திரப்பாவைக்கு என்று செய்தி வந்தது. தமிழுக்கு அது முதல் ஞானபீடம். பெருங்களூரில் அத்தை ஏதோ சொந்தத் தம்பிக்கே கிடைத்ததுபோல வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சீனி கொடுத்தது. நான் அத்தையிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, அட்டையைப் படித்தேன், முன்னுரையில் ஒரு பக்கம் படித்தேன், நேராகத் தையல்கடைக்குப் போய், "அண்ணே, இதை நீங்க கட்டாயம் படிக்கணும். என்ன மாதிரி எழுத்துங்கிறீங்க!" என்று கொடுத்துவிட்டேன். அவர் எனக்குப் பெல்பாட்டம் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வயது பதினாறு. படித்தவன் என்று ஒருவராவது நினைக்க வேண்டாமா?

நினைத்தார். அதன் பலனாக இருபது நாள் என் பெல்பாட்டம் துணி மேசை ஓரத்திலேயே கிடந்தது. அண்ணன் மிஷினில் உட்கார்ந்தபடியே படித்தார், கால் மட்டும் பழக்கதோஷத்தில் மிதித்துக்கொண்டிருந்தது. இருபத்தோராம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"முடிச்சிட்டேன்டா தம்பி. கடைசியில ஆனந்தி செஞ்சது சரிங்கிறியா, தப்புங்கிறியா?"

"தப்புத்தாண்ணே."

"என்ன செஞ்சா?"

கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்து விரலில் மெதுவாகச் சுற்றினார். எதிரே பல்பைச் சுற்றி ஒரு பூச்சி பறந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். டேப்பு முழுவதும் சுற்றி முடிந்ததும், "ரெண்டு இஞ்ச் குறையுதே, தம்பி" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. பெல்பாட்டத்தை மறுநாளே தைத்துக் கொடுத்துவிட்டார். புத்தகத்தை நான் அன்றிரவே, பயத்தில், முழுவதும் படித்தேன்.

இப்படிச் சொன்னால் அந்தக் காலம் சத்திய யுகம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் உறுப்பினராக இருந்த ஒரு நூலகத்தில் துப்பறியும் நாவல்களை எடுத்தால் முப்பதாம் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலில் 'கொன்றது டாக்டர்தான்' என்று எழுதியிருக்கும். அதன் கீழே இன்னொரு கையெழுத்து: 'நம்பாதே, தம்பிதான்.' கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் கடைசிப் பக்கம் கிழிந்திருக்கும். சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கும் முன்னால், 1931-இல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பதை ஒரு விதியாகவே வகுத்துவிட்டார். அந்த வாசகர் கையில் பிளேடு வைத்திருப்பார் என்பதற்கு விதி வகுக்க அவருக்கு மனம் வந்திருக்காது.

அதைவிடப் பெரிய குற்றவாளி நான். அத்தை காலமானபிறகு தகரப்பெட்டி எனக்கு வந்தது. கூடவே அந்த நோட்டும். புரட்டிப் பார்த்தேன். இருபத்து மூன்று வருஷத்து இரவல். எல்லார் பெயருக்கு நேராகவும் 'வந்தது' என்று அத்தையின் குண்டு எழுத்து. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. என் பெயர். நாலாம் பாகம், மணிமகுடம். கல்லூரி விடுதிக்கு எடுத்துப்போய் யாரோ நண்பனுக்குச் சிபாரிசு செய்து, அவன் இன்னொருவனுக்குச் சிபாரிசு செய்து, அது அப்படியே போய்விட்டது. சோழ நாட்டில் மணிமகுடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. தொலைத்தவன் நான் ஒருவன்தான். கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் உறுத்தும். மூன்று கோயிலில் இப்போது இரண்டுதான் நிற்கிறது. மூன்றாவதை யாரோ இரவல் வாங்கிப் போயிருப்பார்கள் என்றுதான் தோன்றும்.

புத்தகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரே வழி, வெளியே விடாமல் இருப்பது. திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதி அம்மையாரும் தங்கள் சம்பாத்தியத்தைக் கொட்டிச் சேர்த்த ஞானாலயாவில் லட்சத்துக்கு மேல் புத்தகங்கள். தமிழின் எத்தனையோ நூல்களுக்கு முதல் பதிப்பைப் பார்க்க வெளிநாட்டிலிருந்துகூட ஆய்வாளர்கள் தேடி வருகிற இடம். போய் உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பெடுக்கலாம். என்னைப் போன்றவர்களை இந்த ஊர் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். ஊருக்கு ஊர் சாயங்கால வகுப்பு, பாட்டு, நாடகம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாலைகளில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஓட்டிய காட்சியைப் பின்னால் பி. சாய்நாத் எழுதி உலகமே படித்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவராக ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார் அந்தக் கடலை ஆய்கிற அக்கா. வாடகை சைக்கிள். பிரேக் பிடிக்கவில்லை, என் வீட்டு வேப்பமரம் பிடித்தது.

"தம்பி, அயித்தை பெட்டி ஒங்கிட்டத்தானே இருக்கு? மொதப் பாகம் குடு. நானே படிக்கப் போறேன்."

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு இது அதிகம், வேறு ஏதாவது பெரிய எழுத்தில் மெல்லிசாகத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போனார். ஏழெட்டு மாதம் ஆனது. போச்சு, இதுவும் மணிமகுடம் வழிதான் என்று நான் முடிவு கட்டியிருந்தபோது, அதே வேட்டித் துணியோடு வந்தார். காலிகோ முதுகு பிய்ந்த இடத்தில் நூல் போட்டுத் தைத்திருந்தார். திண்ணை இல்லாத வீடு என்னுடையது; வாசல்படியில் உட்கார்ந்தார். சட்டப்படி கதையைச் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார்.

"தம்பி, யாருட்டயும் சொல்லாத. ஒங்க அயித்தை அங்கிட்டு அங்கிட்டு விட்டுட்டுப் படிச்சிருக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஆமாங்கிறேன். கோயிலு, கொளம், பழைய ராசா கதைன்னு எத்தனை பக்கம் கெடக்கு! ஒண்ணுமே நான் கேட்டதில்ல. வேகமா பக்கத்தைத் தள்ளும், நான் பாத்திருக்கேன். காத்துல பொரளுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

இருபத்து மூன்று வருஷம் ஊரையே திண்ணையில் உட்காரவைத்துப் பரீட்சை நடத்திய அத்தை! எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. அக்கா எழுந்து சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே, "நீ இதை முழுசாப் படிச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டார். வேப்பமரத்தைப் பார்த்தேன். "ரெண்டாம் பாகத்தை எடுத்துட்டு வர்றேங்க்கா" என்று உள்ளே போய்விட்டேன்.

படிக்காததைச் சிபாரிசு செய்கிற வழக்கம் இன்றைக்கு வந்ததல்ல என்பதைச் சொல்லவே இத்தனையும். அன்றும் செய்தோம். என் விஷயத்தில் ஒரு தலைமுறைப் பாரம்பரியமே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அன்று புத்தகம் என்றிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள் வந்தாக வேண்டும். வந்தால் உட்காருவான். உட்கார்ந்தால் கேட்பான். இரண்டு இஞ்ச் குறைவது தெரிந்துவிடும்.

இப்போது நான் இருக்கும் வாசகர் குழுவில் இருநூறு பேர். காலையில் எழுந்தால் நாலு அட்டைப்படம், மூன்று பரிந்துரை, ஒரு பிடிஎஃப் மூட்டை. நாட்டுடைமையான நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டக்காரர்கள் 1998-இலிருந்து சங்க இலக்கியம் முதல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கல்கியின் ஐந்து பாகமும் என் சட்டைப்பையில் இருக்கிறது, மணிமகுடம் உட்பட. 2016-இலிருந்து ஊரில் புத்தகத் திருவிழா வேறு நடக்கிறது. தோளில் துணிப்பை மாட்டிக்கொண்டு வீட்டோடு வந்து வாங்கிப் போகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அனுப்பிய பிடிஎஃபைத் திருப்பிக் கொடுக்க யார் வரப்போகிறார்கள்? கட்டைவிரல் வரும், கும்பிடு வரும், 'அருமை ஐயா' வரும். 'என்ன செஞ்சா?' என்று கேட்டு இதுவரை ஒரு செய்தி வந்ததில்லை. மூன்று வருஷமாக ஒருமுறைகூடப் பிடிபடாமல் நான் ஊரிலேயே பெரிய வாசகனாக வளர்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை புத்தகத் திருவிழாவில் வாங்கிய உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' போட்டேன். கனத்த புத்தகம், படத்துக்கு எடுப்பாக இருக்கும். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942-இல் அவர் மறையும்வரை வந்த தொடர், 122 அத்தியாயம். நான் பதினோராம் பக்கத்தில் இருந்தேன். ஆனாலும் நாலு வரி எழுதினேன். எல்லாப் பட்டிமன்ற மேடையிலும் கேட்டிருக்கிற அந்தக் காட்சி இருக்கவே இருக்கிறதே! 1880-இல் கும்பகோணம் முன்சீப் சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்க இளம் தமிழாசிரியர் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இல்லை. பிறகு தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஏழு வருஷம் கழித்து, 1887-இல், சீவக சிந்தாமணி அச்சில் வருகிறது. தமிழில் நடந்த ஆகப்பெரிய இரவல் அதுதான். கொடுத்தவர் கேட்டது கடினமான கேள்வி. வாங்கியவர் தெரிந்ததுபோல நடிக்காமல், தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த இரண்டாவது பகுதியை மட்டும் நான் ஸ்டேட்டஸில் எழுதவில்லை.

அறுபத்து மூன்று கட்டைவிரல் விழுந்தது. அப்புறம் ஒரு போன்.

"தம்பி, நல்லாருக்கியா? பேரன் போனுல ஒன் பொஸ்தகம் பாத்தேன். பெரிசா நல்லா இருக்கு. கண்ணுக்கு ஆபரேசன் பண்ணி இப்பப் பளிச்சுனு தெரியுது. நீ படிச்சு முடிச்சிட்டியா?"

அக்காவுக்கு இப்போது எழுபது. குரல் அப்படியே இருந்தது. "முடியப் போகுதுக்கா" என்றேன்.

"அப்ப சரி. வியாழக்கிழமை பெரியாசுபத்திரிக்கு வர்றேன். அப்படியே வந்து வாங்கிட்டுப் போறேன். ஒரு டீயப் போட்டுட்டு நீ கொஞ்சம் கதையச் சொல்லு. பிடிச்சிருந்தா எடுத்துக்கிறேன்."

உ.வே.சா. முதலியாரிடம் மாட்டிக்கொண்டதும் ஒரு வியாழக்கிழமைதான் என்பதைப் பிறகு, பல நூறு பக்கங்கள் ஓடி, அந்த அத்தியாயத்தைத் தொட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். இன்று செவ்வாய். இரவு பதினொன்றரை. காபி ஆறிக்கிடக்கிறது, படம் எடுக்கத் தோன்றவில்லை. அக்கா வர்ணனையையும் விடமாட்டார் என்பதால் பக்கத்தைத் தள்ளவும் வழியில்லை.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பேரன் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தான்.

"என்ன தாத்தா படிக்கிறீங்க?"

"பரீட்சைக்குடா" என்றேன்.